கூட்டல் குறியின் மேல் ஐந்து நிமிடம்

புதிதாக ஆய்வுக்கு வரும் மாணவர்கள் முதலில் மருந்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், வாய்வழியா ஊசியா என்று. நான் அவர்கள் கையில் எலியைக் கொடுப்பேன். ஒரு வாரத்துக்கு அதுதான் வேலை. காலையில் விலங்குக்கூடத்துக்குப் போக வேண்டும். கூண்டைத் திறந்து உமிக்கு மேல் கையை வைத்துக் காத்திருக்க வேண்டும். எலி தானாக வந்து விரலை முகர்ந்து பார்த்த பிறகு, நெஞ்சுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து மெல்ல எடுக்க வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. முதல் நாள் கையிலேயே புழுக்கை போடும். உடம்பு விறைத்துப்போய் இருக்கும். ஒரு நாள் அது முழங்கை வரை ஏறிப் போய்ச் சட்டை மடிப்பை முகர்ந்துவிட்டு நிதானமாகத் திரும்பி வரும். அன்றைக்குத்தான் மருந்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்போம்.

பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகளை, குறிப்பாகச் செரட்டோனின் வழியாக வேலை செய்பவற்றை, எலிகளில் சோதித்துப் பார்ப்பது என் தொழில். இந்தத் தொழிலில் கை என்பது கருவியின் ஒரு பகுதி. 2010-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹர்ஸ்டும் வெஸ்ட்டும் சுண்டெலிகளை மூன்று விதமாக எடுத்துப் பார்த்தார்கள்: வாலைப் பிடித்து, உள்ளங்கையில் ஏந்தி, ஒரு குழாய்க்குள் நடக்கவிட்டு. வாலைப் பிடித்துத் தூக்கப்பட்டவை மனிதக் கையைக் கண்டு ஒதுங்கின. சோதனையிலும் கூடுதல் பதற்றம் காட்டின. சாப்பாடும் கூண்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். எடுக்கும் முறை மட்டுமே வேறு. நாங்கள் மருந்தால் வந்தது என்று எழுதக்கூடிய அளவு வித்தியாசத்தை ஒரு கைப்பழக்கமே உண்டாக்கிவிடுகிறது.

2014-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு இன்னொன்றைக் காட்டியது. ஆண்கள் அறையில் இருந்தாலே, ஏன், ஆண் அணிந்த டி-ஷர்ட் ஒன்று அருகில் இருந்தாலே, எலிகளும் சுண்டெலிகளும் மன அழுத்தத்துக்கு உள்ளாகி, வலியைக்கூடக் குறைவாகக் காட்டின. அதைப் படித்ததிலிருந்து எங்கள் குறிப்பேட்டில் எலியை யார் எடுத்தார்கள் என்பதற்குத் தனிக் கட்டம் உண்டு. ஒரு சோதனைத் தொடரை ஆரம்பித்தவரே முடிக்க வேண்டும் என்பதும் விதி.

விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு இந்தக் கட்டுரைகள் எதுவும் தெரியாது. ஆனால் அவர் சொன்னால் நான் கேட்பேன். "மேடம், இன்னைக்கு எடுக்காதீங்க. மாடியில டிரில் போடுறாங்க. எல்லாம் மூலையில சுருண்டு கிடக்குது" என்பார். அன்றைய சோதனை தள்ளிப்போகும். தீபாவளியை ஒட்டிய நாட்களில் நாங்கள் பதற்றச் சோதனையே வைப்பதில்லை. வெடிச்சத்தத்தில் இரவு கழித்த எலிக்குக் காலையில் மருந்து கொடுத்துவிட்டு, அது ஏன் ஒளிகிறது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

எங்கள் முக்கியக் கருவி பிளஸ் மேஸ். கூட்டல் குறி வடிவத்தில் நான்கு கைகள். எலிக்கான அளவில் ஒவ்வொரு கையும் 50 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். எதிரெதிராக உள்ள இரண்டு கைகளுக்கு 40 செ.மீ. உயரத்தில் சுவர் உண்டு. மற்ற இரண்டும் வெறும் பலகை. முழுவதும் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் நிற்கும். நடுச் சதுரத்தில் எலியை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவோம். ஐந்து நிமிடம். எலிக்குச் சுவரோரம் பிடிக்கும். உயரமும் வெட்டவெளியும் பிடிக்காது. அதே சமயம் புது இடத்தைப் பார்க்காமலும் அதற்கு இருக்க முடியாது. இந்த இரண்டு இழுப்புகளுக்கும் நடுவே அது எங்கே நிற்கிறது என்பதைத்தான் அளக்கிறோம். 1985-இல் பெல்லோ, ஷோபான், ஃபைல், பிரைலி ஆகிய நால்வரும் எலியில் இதைச் சரிபார்த்து வெளியிட்டார்கள். டயஸெபாம் போன்ற பென்ஸோடயஸெபின் மருந்து கொடுத்தால் எலி திறந்த கைகளில் அதிக நேரம் உலவும். பதற்றத்தைக் கூட்டும் பொருளைக் கொடுத்தால் மூடிய கைக்குள்ளேயே கிடக்கும். எலிக்கு எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம், பட்டினி போட வேண்டாம், ஷாக் கொடுக்க வேண்டாம். உலகெங்கும் இது பரவியதற்கு அந்த எளிமைதான் காரணம்.

எளிமையான கருவி என்பதாலேயே அதன் மேல் அதிக அக்கறை வேண்டியிருக்கிறது. ஒரே எலியை இரண்டாம் முறை ஏற்றினால் டயஸெபாமுக்கே வேலை இல்லாமல் போய்விடும். முதல் ஐந்து நிமிட அனுபவம் மட்டுமே அந்த எலியின் பயத்தின் தன்மையை மாற்றிவிடுகிறது. சாண்ட்ரா ஃபைல் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதினார். ஆகவே ஒரு எலிக்கு ஒரே வாய்ப்பு. விளக்கின் வெளிச்சம், பலகையின் விளிம்பில் சிறு வரப்பு இருக்கிறதா இல்லையா, முந்தைய எலியின் வாடையைத் துடைத்த திரவம், எல்லாமே அந்த ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

1999-இல் கிராப், வால்ஸ்டன், டுடெக் மூவரும் போர்ட்லாந்து, எட்மண்டன், ஆல்பனி ஆகிய மூன்று ஊர்களில் ஒரே வகைச் சுண்டெலிகளை, ஒரே மாதிரிக் கருவியில், ஒரே நாளில் ஒரே நேரத்தில் சோதிக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த வகைகளில் ஒன்று, செரட்டோனின் ஏற்பி ஒன்றின் மரபணு நீக்கப்பட்டது. முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கியும் முடிவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. பிளஸ் மேஸில் அந்த வேறுபாடு குறிப்பாகத் தெரிந்தது. எட்மண்டனில் சோதனை செய்தவருக்குச் சுண்டெலி ஒவ்வாமை இருந்ததால் சுவாசக் கவசம் அணிந்து வேலை செய்தார் என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதியதற்காகவே அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஒவ்வொரு புது மாணவருக்கும் நான் முதலில் படிக்கக் கொடுப்பது அதைத்தான்.

செரட்டோனின் கதைக்கு வருகிறேன். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் மூவரும் இரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1953-இல் பெட்டி ட்வாரோக் என்ற இளம் பெண் விஞ்ஞானி, பேஜுடன் சேர்ந்து, அது மூளையிலும் இருக்கிறது என்று காட்டினார். 1955-இல் பிளெட்ஷர், ஷோர், பிராடி மூவரும் ரிசர்பின் என்ற மருந்து உடலின் செரட்டோனின் சேமிப்பைக் காலி செய்வதைக் கண்டார்கள். அந்த ரிசர்பின் நம் நாட்டுச் சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து வந்தது. மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் அந்த வேர் உதவுவதைக் கல்கத்தாவில் சென்னும் போஸும் 1931-லேயே எழுதியிருந்தார்கள். மனநிலையை ஒரு வேதிப்பொருளோடு சேர்த்துப் பார்க்கும் பாதை இப்படித்தான் திறந்தது.

பதற்றத்தோடு அதைச் சேர்த்தபோதுதான் சிக்கல் வந்தது. 1972-இல் வைஸ், பெர்ஜர், ஸ்டைன் மூவரும், பென்ஸோடயஸெபின்கள் மூளையில் செரட்டோனின் புழக்கத்தைக் குறைப்பதன் மூலமே பதற்றத்தைக் குறைக்கின்றன என்று வாதிட்டார்கள். செரட்டோனின் கூடினால் பயம் கூடும் என்பது அதன் சாரம். பிறகு 1987 இறுதியில் அமெரிக்காவில் ஃப்ளூயாக்ஸெட்டின் அனுமதி பெற்றது. அது நரம்புச் சந்திப்பில் செரட்டோனினை அதிக நேரம் தங்கவைக்கும் மருந்து. அந்த வகை மருந்துகள்தான் இன்று பதற்ற நோய்களுக்கு மருத்துவர்கள் முதலில் எழுதிக்கொடுப்பவை. குறைத்தாலும் பயம் தணிகிறது, கூட்டினாலும் தணிகிறது என்றால் எது உண்மை? நான் இந்தத் துறையில் தங்கியதற்குக் காரணமே இந்தக் கேள்விதான்.

இதன் ஒரு பாதி விடை நாட்காட்டியில் இருக்கிறது. ஃப்ளூயாக்ஸெட்டினை ஒரே ஒரு முறை கொடுத்து எலியைச் சோதித்தால் பல நேரம் பதற்றம் கூடியிருக்கும். இன்னொரு எலியோடு பழகும் நேரம் குறையும், திறந்த கைக்குப் போவதும் குறையும். மருத்துவமனையிலும் இதே கதைதான். முதல் சில நாட்களில் படபடப்பு அதிகமாகிறது என்று நோயாளிகள் சொல்வார்கள். திகில் நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் தொடங்குவது அதனால்தான். நிவாரணம் வாரங்கள் கழித்தே வருகிறது. எலி இதில் நமக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது. ஒரே ஊசியில் விடை கேட்டது நம் அவசரம்.

வாரக்கணக்கில் கொடுத்துப் பார்ப்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது புது இடத்தில் உண்ணும் சோதனை. 1988-இல் போட்னாஃபும் அவர் குழுவினரும் விரிவாகச் செய்தது. பசித்த எலியை வெளிச்சமான ஒரு திறந்த களத்தில் விடுவோம். நடுவில் ஒரு தீனி உருண்டை. ஓரத்தில் நின்று எலி அதைப் பார்க்கும். போகும், முகரும், திரும்பி ஓடி வந்துவிடும். மறுபடி போகும். முதல் கடி கடிக்க எத்தனை விநாடி ஆனது என்பதுதான் அளவு. சில நாள் கொடுத்த மருந்து இதில் ஒன்றும் செய்யாது. வாரக்கணக்கில் கொடுத்தது அந்த நேரத்தைக் குறைக்கும். 2003-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெனே ஹென்னின் குழுவில் சான்டரெல்லி முதலானோர் சுண்டெலியில் இதைக் காட்டினார்கள்: 5 நாள் ஃப்ளூயாக்ஸெட்டினுக்குப் பலனில்லை, 28 நாளுக்குப் பலன் உண்டு. ஹிப்போகாம்பஸ் பகுதியில் புது நரம்பணுக்கள் உருவாவதை எக்ஸ்-கதிரால் தடுத்துவிட்டால் அந்த 28 நாள் பலனும் இல்லை. மருந்தின் வேலை மாத்திரை கரைவதோடு முடிவதில்லை, மூளை மெல்லத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்கு அது வலுவான சான்றாக வந்தது.

அந்த நாட்களை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எங்கள் தொழிலின் பெரும்பகுதி இருக்கிறது. தினமும் தொண்டைக்குள் குழாய் விட்டு மருந்து ஊற்றினால் அதுவே எலிக்கு அழுத்தம். அதனால் முடிந்தபோது குடிநீரில் கலந்து கொடுப்போம். அப்படிக் கொடுத்தால் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று புட்டியை எடைபோட வேண்டும். குழாயால்தான் என்றால் மருந்தில்லாத குழுவுக்கும் அதே குழாய், அதே நேரம், அதே கை. எடையைத் தொடர்ந்து பார்த்து அளவைத் திருத்த வேண்டும். ஃப்ளூயாக்ஸெட்டின் பசியைக் குறைக்கும் மருந்து என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தீனியைக் கடிக்கத் தாமதமாவது பயத்தாலா, பசியில்லாததாலா என்று எப்படித் தெரியும்? சோதனை முடிந்ததும் எலியைத் தன் கூண்டில் விட்டு, பழகிய இடத்தில் சில நிமிடத்தில் எவ்வளவு தின்கிறது என்று எடைபோடுவோம். இந்தச் சிறிய எடைபோடுதல் இல்லாத தரவை நான் ஏற்பதில்லை, எவ்வளவு அழகான வரைபடமாக வந்தாலும்.

மற்றப் பாதி விடை பிரேசிலிலிருந்து வந்தது. ஃப்ரெடரிகோ கிரேஃப், ரிபெய்ராவ் பிரெட்டோவில் வேலை செய்த மருந்தியலாளர். அவரும் இங்கிலாந்தின் டீக்கினும் 1991-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பயம் ஒன்றல்ல. ஆபத்து இருக்கலாம் என்று தயங்கி ஒதுங்குவது ஒன்று. ஆபத்து எதிரில் வந்து நிற்கும்போது வெறித்தனமாகத் தப்பி ஓடுவது இன்னொன்று. முன்னது நாம் பதற்றம் என்பதற்குப் பக்கத்தில் இருக்கிறது, பின்னது திகிலுக்குப் பக்கத்தில். மூளைத்தண்டில் உள்ள ரஃபே கருவிலிருந்து கிளம்பும் செரட்டோனின் நரம்புகள் அமிக்டலா போன்ற முன்பகுதிகளில் முன்னதைக் கூட்டுகின்றன. நடுமூளையில், நீர்க்குழாயைச் சுற்றியுள்ள சாம்பல்நிறப் பகுதியில், பின்னதை அடக்குகின்றன. ஒரே வேதிப்பொருள், இரண்டு இடங்கள், இரண்டு எதிர்த் திசைகள்.

கிரேஃப் அதோடு நிற்கவில்லை. பிளஸ் மேஸின் மூடிய கைகளில் ஒன்றை அடைத்து, 1993-இல் வியானா, தோமாஸ் ஆகியோருடன் சேர்ந்து 'டி' வடிவக் கருவியாக்கினார். இப்போது ஒரே எலியிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கலாம். மூடிய கையின் முனையில் விட்டால், வெளியே வரத் தயங்குகிறதா? திரும்பத் திரும்ப விடும்போது தயக்கம் கூடும். அது ஒதுங்கும் பயம். திறந்த கையின் முனையில் விட்டால், எவ்வளவு வேகமாக உள்ளே ஓடுகிறது? அது தப்பிக்கும் பயம். பஸ்பிரோன் என்ற செரட்டோனின் மருந்தைக் கொடுத்தால் முதல் தயக்கம் குறைகிறது, ஓட்டம் அப்படியே இருக்கிறது. வாரக்கணக்கில் ஃப்ளூயாக்ஸெட்டின் கொடுத்தால் ஓட்டம் நிதானமாகிறது. மனிதர்களில் திகில் நோயைத் தணிக்கும் மருந்துதான் அதுவும். வைஸ் சொன்னதும் சரி, ஃப்ளூயாக்ஸெட்டின் காட்டியதும் சரி. அவர்கள் கேட்ட பயங்கள் வேறு. ஒரு பலகையை அடைத்து இவ்வளவு பெரிய கேள்வியைப் பிரித்துக் காட்டிய அந்த வேலையை, எங்கள் துறையின் மிக அழகான வேலைகளில் ஒன்று என்று நினைக்கிறேன்.

பஸ்பிரோன் பற்றி இன்னும் கொஞ்சம். 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, செரட்டோனினின் 1ஏ ஏற்பியை ஓரளவு தூண்டுவது. தூக்கக் கலக்கம் குறைவு, பழக்க அடிமைத்தனம் இல்லை, பொதுவான பதற்ற நோய்க்கு உதவுகிறது. ஆனால் பிளஸ் மேஸில் வைத்தால் ஒரு ஆய்வகத்தில் பலன், இன்னொன்றில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் தலைகீழ். செரட்டோனின் மருந்துகளை விலங்குச் சோதனைகளில் பார்த்த முப்பது ஆண்டு வேலையைத் தொகுத்து 1995-இல் கீ கிரீபெல் எழுதிய கட்டுரையில் இந்தக் குழப்பம் வரிசை வரிசையாக இருக்கிறது. எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு: பிளஸ் மேஸ் டயஸெபாமின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இன்னொருவருக்கு அது சரியாக இல்லை என்பதால் அவருடைய உடம்பைக் குறை சொல்ல முடியாது.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ராட்ஜர்ஸும் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ராபர்ட், கரோலின் பிளான்சார்ட் தம்பதியும் இங்கேதான் எனக்கு ஆசிரியர்களாகிறார்கள். திறந்த கையில் எத்தனை விநாடி என்பதோடு நிறுத்தாமல் விலங்கின் உடம்பைப் பாருங்கள் என்றார்கள். மூடிய கையின் வாசலில் பின்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, உடம்பைத் தரையோடு தாழ்த்தி நீட்டி, எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கும் ஓர் அசைவு உண்டு. ஆபத்தை எடைபோடும் அசைவு அது. விநாடிக் கணக்கில் பலன் காட்டாத மருந்துகூட இந்த எட்டிப் பார்த்தலைக் குறைத்திருக்கலாம். பஸ்பிரோன் அப்படித்தான் செய்தது. தானியங்கி மென்பொருள் எலியின் உடலின் நடுப்புள்ளியை மட்டும் பின்தொடர்ந்தால், கழுத்து வெளியே நீண்டிருக்கும்போதும் எலி மூடிய கையில் இருக்கிறது என்றே எழுதும். ஆகவே எங்கள் ஆய்வகத்தில் மென்பொருள் எண்ணிய பிறகும், எந்த எலிக்கு எந்த மருந்து என்று தெரியாத ஒருவர் வீடியோவை முழுக்கப் பார்ப்பார். சலிப்பூட்டும் வேலை என்பார்கள். எனக்கு இதுதான் வேலையின் உயிர்.

விலங்கு சொன்னதை நாம் தவறாகக் கேட்டதற்கும் உதாரணம் உண்டு. ஆண்டான்செட்ரான் போன்ற, செரட்டோனினின் 5-எச்டி3 ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் 1980-களின் இறுதியில் சுண்டெலிகளின் கறுப்பு-வெள்ளைப் பெட்டியில் அருமையான பதற்றத் தணிப்பு காட்டின. மனிதர்களிடம் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. கீமோதெரபியின் வாந்தியை நிறுத்துவதில் அந்த மருந்துகள் தம் இடத்தைப் பிடித்தன. ஒரே வகைக் கருவியில் கிடைத்த ஒரு நல்ல முடிவை நோயாளியின் படுக்கை வரை நீட்டக் கூடாது என்று இதைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

காலம் என்பதற்கு வாரங்களைவிடப் பெரிய பொருளும் இருக்கிறது. 2002-இல் கிராஸும் ஹென்னின் குழுவும், 1ஏ ஏற்பி குட்டிப்பருவத்தில் இல்லாமல் போனால்தான் வளர்ந்த சுண்டெலி பதற்றமாக இருக்கும், வளர்ந்த பிறகு அதை நிறுத்தினால் அப்படி ஆவதில்லை என்று காட்டினார்கள். 2004-இல் அன்சோர்ஜின் ஆய்வில், பிறந்த 4-ஆம் நாள் முதல் 21-ஆம் நாள் வரை ஃப்ளூயாக்ஸெட்டின் பெற்ற சுண்டெலிகள் பெரியவையான பிறகு புது இடங்களை ஆராயத் தயங்கின. வளர்ந்த மூளைக்கு ஆறுதலான மருந்து வளரும் மூளைக்கு எதிர்த் திசையில் போகிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யாவின் குழு இந்தக் கேள்வியில் பல ஆண்டுகளாக நுட்பமாக வேலை செய்து வருகிறது. இது நம் நாட்டிலேயே நடக்கிறது என்பது எனக்குப் பெருமை.

எலியைத் தாண்டியும் இது போகிறது. 2014-இல் பிரான்சின் போர்டோ நகரில் ஃபோசாவும் அவர் குழுவினரும் நன்னீர் இறால் வகையான கிரேஃபிஷைத் தண்ணீருக்குள் வைத்த கூட்டல் குறி வடிவப் பாதையில் விட்டார்கள். இரண்டு கைகள் வெளிச்சம், இரண்டு கைகள் இருட்டு. மின்புலத்தால் அழுத்தத்துக்கு உள்ளான விலங்கு வெளிச்சத்தைத் தவிர்த்தது. அதன் மூளையில் செரட்டோனின் கூடியிருந்தது. அழுத்தமே படாத ஒன்றுக்குச் செரட்டோனின் செலுத்தியபோதும் அதே தவிர்ப்பு. மனிதர்களுக்கு லிப்ரியம் என்று கொடுத்த குளோர்டயஸெபாக்ஸைடைச் செலுத்தியதும் தவிர்ப்பு மறைந்தது. முதுகெலும்பே இல்லாத உயிர் அது. அந்தக் கட்டுரையைப் படித்த நாள் முழுக்க வேறு எதிலும் மனம் போகவில்லை.

எங்கள் எலிகள் சோதனைக்குப் பின் உயிரோடு இருப்பதில்லை. நெறிமுறைக் குழு அனுமதித்த எண்ணிக்கையும் முறையும் உண்டு. அதற்கு மேல் ஒரு எலிகூடக் கிடையாது. எண்ணிக்கையைக் குறைப்பதே கருணை என்று நினைத்து, எதையும் முடிவு சொல்ல முடியாத அளவுக்குச் சிறிய குழுவை வைக்கும் விண்ணப்பங்களை நான் ஏற்பதில்லை. அப்போது எல்லா எலியும் வீணாகப் போகும்.

இப்போது எங்கள் விண்ணப்பத்தில் பாதி எலிகள் பெண். பதற்ற நோய்கள் ஆண்களைவிடப் பெண்களை ஏறக்குறைய இரு மடங்கு பாதிக்கின்றன. ஆனால் இந்தத் துறையின் பழைய தரவில் பெரும்பகுதி ஆண் எலிகளுடையது. பெண் எலியின் சினைச்சுழற்சி முடிவைக் கலைக்கும் என்பார்கள். பெண் சுண்டெலிகளின் அளவீடுகள் ஆண்களைவிட அதிகம் சிதறுவதில்லை என்று 2014-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டிவிட்டது. 'டி' மேஸில், ஃப்ளூயாக்ஸெட்டினின் முதல் நாளிலும் கடைசி வாரத்திலும் வெவ்வேறு பெண் எலிகளைத் தயங்கவும் ஓடவும் விட்டுப் பார்க்கப் போகிறோம். புது மாணவி ஒருத்தி திங்கட்கிழமையிலிருந்து அவற்றைக் கையில் எடுத்துப் பழக்குகிறாள். எட்டிப் பார்க்கும் அசைவுக்குக் குறிப்பேட்டில் கட்டம் போட்டாயிற்று.